ஊர் இல்லாத காதல்: 'எவ்ரிதிங், எவ்ரிதிங்' படத்தில் இனமும் இற்செறிப்பும்

கேள்வி

2017 மே 19 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியான 'எவ்ரிதிங், எவ்ரிதிங்', பதின்பருவக் காதல் படம் என்ற வகைக்குள் எளிதாக அடங்கிவிடக்கூடியது. நிக்கோலா யூன் 2015இல் வெளியிட்ட நாவலிலிருந்து ஜே. மில்ஸ் குட்லோ திரைக்கதை எழுத, கனடாவைச் சேர்ந்த ஜமைக்க வம்சாவளியினரான ஸ்டெல்லா மெகி இயக்கினார். சுமார் 1 கோடி டாலரில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் 6 கோடி டாலர் அளவுக்கு வசூலித்தது. கதை சிறியது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், வடிகட்டிய காற்று மட்டுமே நுழையும் ஒரு கண்ணாடி வீட்டுக்குள் 18 வயது மேடலின் வாழ்கிறாள். நோயெதிர்ப்பு ஆற்றலே இல்லாமல் பிறந்தவள், வெளியே கால் வைத்தால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லி மருத்துவரான தாய் பாலின் அவளை வளர்த்திருக்கிறாள். அடுத்த வீட்டுக்கு ஆலி குடிவருகிறான். ஜன்னல் வழியே பார்வை, பிறகு குறுஞ்செய்தி, பிறகு செவிலி கார்லாவின் தயவில் ஒரே அறையில் சந்திப்பு, பிறகு ஹவாய்க்கு ரகசியப் பயணம் என்று காதல் வளர்கிறது. இறுதியில் மேடலினுக்கு அந்த நோயே இல்லை என்று தெரியவருகிறது. கணவனையும் மகனையும் விபத்தில் பறிகொடுத்த தாய், எஞ்சிய ஒரு குழந்தையும் போய்விடும் என்ற அச்சத்தில் இல்லாத நோயை இருப்பதாக நம்பி மகளை அடைத்து வைத்திருந்தாள்.

மேடலினாக நடித்த அமாண்ட்லா ஸ்டென்பெர்க், ஆப்பிரிக்க அமெரிக்கத் தாய்க்கும் டென்மார்க் நாட்டுத் தந்தைக்கும் பிறந்தவர். தாயாக வரும் அனிக்கா நோனி ரோஸ் கறுப்பினத்தவர். ஆலியாக வரும் நிக் ராபின்சன் வெள்ளையர். ஆனால் இந்த நிறவேறுபாடு கதையின் சிக்கலாக ஒருமுறையும் எழுவதில்லை. இதை ஒட்டி இரண்டு நிலைப்பாடுகள் உண்டு. ஒரு கறுப்பினப் பெண்ணை இனப்போராட்டத்தின் சின்னமாக்காமல் காதலிக்கப்படும் சாதாரணப் பெண்ணாகக் காட்டியதே சாதனை என்பது ஒன்று. நிறம் தெரியாததுபோல் பாவிப்பது அமெரிக்க வரலாற்றிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொள்வது என்பது மற்றது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே மௌனத்தை ஒரே பொருளாகக் கருதி, அது நல்லதா கெட்டதா என்று கேட்கின்றன. அந்த மௌனம் கதையில் யாருக்கு என்ன செய்கிறது என்று பிரித்துக் கேட்க வேண்டும் என்பது என் வாதம். அப்படிக் கேட்டால், மகளுக்கு வரமாக அமைந்த அதே மௌனம் தாய்க்குத் தண்டனையாக இறங்கியிருப்பது தெரியும்.

கண்ணாடியில் விழுந்த முத்தம்

இந்த மௌனம் எத்தனை பெரிய இரைச்சலுக்குப் பின் வந்தது என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். 1930இல் எழுதப்பட்டு 1934 முதல் கடுமையாக நடைமுறைக்கு வந்த ஹாலிவுட் தணிக்கை விதித்தொகுப்பு, வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான பாலுறவைத் திரையில் காட்டுவதைப் பெயர் சொல்லியே தடை செய்தது. 1956இல்தான் அந்த விதி நீக்கப்பட்டது. அதன் பிறகும் பழக்கம் போகவில்லை. 1957இல் வந்த 'ஐலண்ட் இன் தி சன்' படத்தில் ஹாரி பெலஃபாண்டேவும் ஜோன் ஃபான்டெய்னும் காதலர்கள். ஆனால் அவர்கள் முத்தமிட்டுக்கொள்வதில்லை. திரைக்கு வெளியே சட்டம் இன்னும் கொடியது. 1958 ஜூலையில் வர்ஜீனியா மாநிலத்தில் ரிச்சர்ட் லவ்விங்கும் மில்ட்ரெட் லவ்விங்கும் உறங்கிக்கொண்டிருந்த அறைக்குள் இரவில் காவலர்கள் நுழைந்தார்கள். இனம் கடந்து மணந்து கணவன் மனைவியாக வாழ்ந்ததே அவர்கள் குற்றம். 25 ஆண்டுகள் சேர்ந்து மாநிலத்துக்குள் வரக்கூடாது என்ற நிபந்தனையின் பேரில் சிறைத்தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. 1967 ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் இத்தகைய மணத்தைத் தடை செய்த சட்டங்களைச் செல்லாதவை என்று அறிவித்தபோது, 16 மாநிலங்களில் அவை உயிரோடு இருந்தன. அலபாமா தன் அரசியலமைப்பிலிருந்து அந்த வாசகத்தை நீக்க 2000ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

அதே 1967 டிசம்பரில் ஸ்டான்லி கிரேமரின் 'கெஸ் ஹூ'ஸ் கமிங் டு டின்னர்' வந்தது. சிட்னி பாய்ட்டியே நடித்த ஜான் பிரென்டிஸ் உலகப் புகழ்பெற்ற மருத்துவர், குற்றம் சொல்ல இடமற்ற மனிதர். அவர் காதலிக்கும் ஜோயி, சான் ஃபிரான்சிஸ்கோவின் வசதியான வீட்டில் உலகத்தின் வெறுப்பைக் காணாமல் வளர்ந்த வெள்ளைப் பெண். அந்தப் படத்தில் இருவரும் முத்தமிடும் காட்சி ஒன்று உண்டு. வாடகைக் கார் ஓட்டுநரின் பின்னோக்குக் கண்ணாடியில், சின்னச் செவ்வகத்துக்குள், ஓட்டுநரின் பார்வை வழியாகவே நாம் அதைப் பார்க்கிறோம். காதலர்களை நாம் நேராகப் பார்ப்பதில்லை. அவர்களைப் பார்த்து முகம் சுளிக்கும் ஊரின் கண் வழியாகப் பார்க்கிறோம். இனம் கடந்த காதலைக் காட்டும் அமெரிக்கப் படங்களுக்கு நெடுங்காலம் இதுவே இலக்கணமாக இருந்தது. காதல் ஒரு பக்கம், அதைப் பார்த்து நிற்கும் ஊர் மறுபக்கம்.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த இந்தப் படத்திலும் இருவருக்கும் நடுவே கண்ணாடி இருக்கிறது, ஆனால் பார்ப்பவர் யாரும் இல்லை. ஆலி தன் ஜன்னலில் நின்று, கீழே போட்டாலும் உடையாத கேக்கை வைத்துக் கூத்துக் காட்டுகிறான். எதிர் ஜன்னலில் மேடலின் சிரிக்கிறாள். தெருவில் கூட்டம் இல்லை, அண்டை வீட்டார் இல்லை, பள்ளி இல்லை. பாத்திரங்கள் இடம் மாறியிருப்பதும் கவனத்துக்குரியது. 1967இல் கண்ணாடி வீட்டுக்குள் வளர்ந்தவள் வெள்ளைப் பெண், தகுதியை மெய்ப்பித்துக் காட்ட வாசலில் நின்றவர் கறுப்பின ஆண். 2017இல் உள்ளே இருப்பவள் கறுப்பினப் பெண். குடிகாரத் தகப்பனின் அடிக்குப் பயந்த வீட்டிலிருந்து வந்து வாசலில் நிற்பவன் வெள்ளை இளைஞன். இந்த இடமாற்றத்தைப் படம் ஒரு சொல்லாலும் சுட்டவில்லை என்றாலும், அதன் பொருள் ஆழமானது.

காவல் யாருக்கு வாய்த்தது

பொத்திப் பொத்தி வளர்க்கப்பட்ட பெண் என்ற உருவம் அமெரிக்காவில் இனம் சாராத உருவமாக ஒருபோதும் இருந்ததில்லை. வெள்ளைப் பெண்ணின் கற்பைக் காக்கிறோம் என்ற முழக்கத்தின் பேரில்தான் தென்மாநிலங்களில் கறுப்பின ஆண்கள் கும்பல்களால் கொல்லப்பட்டார்கள். அந்த முழக்கம் பொய்யான சாக்கு என்பதை 1892இலேயே இதழாளர் ஐடா பி. வெல்ஸ் ஆதாரங்களோடு எழுதினார். 1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் 14 வயது எம்மெட் டில் கொல்லப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணமும் ஒரு கடையில் வெள்ளைப் பெண்ணிடம் வரம்பு மீறினான் என்பதே. ஒருத்தியின் காவல் இன்னொருவனின் மரணமாக இருந்த வரலாறு அது. இதன் மறுபுறம், கறுப்பினச் சிறுமிக்குக் காவல் என்பதே மறுக்கப்பட்டது. 2017 ஜூனில், அதாவது இந்தப் படம் வந்த அடுத்த மாதம், ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரியின் வறுமை மற்றும் சமத்துவமின்மை மையம் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரே வயதுடைய வெள்ளைச் சிறுமிகளைவிடக் கறுப்பினச் சிறுமிகளுக்குப் பாதுகாப்பும் ஆதரவும் குறைவாகத் தேவை என்றும், அவர்கள் அந்த அளவுக்குக் கபடமற்றவர்கள் அல்லர் என்றும் வயதுவந்தோர் கருதுவதை அது பதிவு செய்தது. 5 வயது முதல் 14 வயது வரையிலான பருவத்தில்தான் இந்த வேறுபாடு மிகக் கூடுதல்.

இந்தப் பின்னணியில் வைத்தால், மேடலின் கண்ணாடிக்குள் உட்கார்ந்து புத்தகம் வாசிப்பதும், கடலை ஏக்கத்தோடு கற்பனை செய்வதும், முதல் முத்தத்துக்குத் தயங்குவதும் சாதாரணக் காட்சிகளாகத் தோன்றமாட்டா. குழந்தைமை நீட்டிக்கப்பட்ட, மென்மையாகக் கையாளப்பட்ட, உலகம் அறியாத பெண் என்ற பாத்திரத்தை ஒரு கறுப்பின நடிகைக்குத் தருவது, இதுவரை மறுக்கப்பட்ட ஒன்றைத் தருவது. எல்லாப் படங்களும் இனத்தைப் பற்றிப் பேச வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு இங்கே முழு நியாயம் உண்டு. ஆலியின் முன் நிற்கும்போது மேடலின் தன் இனத்துக்காக வாதாட வேண்டியதில்லை, பாய்ட்டியேயின் மருத்துவரைப் போலத் தகுதிச் சான்றுகளை அடுக்க வேண்டியதில்லை. படம் வெளியாவதற்கு முந்தின நாள் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட அறிக்கையின்படி, 2015இல் புதிதாக மணமுடித்த அமெரிக்கர்களில் 17 விழுக்காட்டினர் வேறு இனத்தவரை மணந்திருந்தார்கள்; 1967இல் இது 3 விழுக்காடு. கறுப்பின ஆண்களில் 24 விழுக்காடாக இருந்த இந்த அளவு, கறுப்பினப் பெண்களில் 12 விழுக்காடாகவே இருந்தது. திரையில் அவள் விரும்பப்படுவதைக் காட்டுவதற்கு ஒரு தேவை இருந்தது என்பதற்கு அந்த எண்கள் போதும்.

யூன் இந்த நாவலை எழுதத் தொடங்கியபோது அவர் மகளுக்கு நான்கு மாதம். ஜமைக்காவில் பிறந்த யூனுக்கும் கொரிய அமெரிக்கரான அவர் கணவருக்கும் பிறந்த அந்தக் குழந்தை தன்னைப்போன்ற ஒருத்தியைப் புத்தகத்தில் பார்க்க வேண்டும் என்று அவர் விரும்பினார். நாவலின் மேடலின் பாதி ஆப்பிரிக்க அமெரிக்கர், பாதி ஜப்பானியர். படம் அந்த ஜப்பானிய இழையை எடுத்தாளவில்லை. இது சிறிய இழப்பு இல்லை. இரண்டு சிறுபான்மை இனங்கள் ஒரு வீட்டுக்குள் சந்திக்கும் குடும்பம் திரையில் இன்னும் அரிது.

ஆளற்ற உணவகம், ஆளற்ற நூலகம்

படத்தின் அழகான கற்பனை, குறுஞ்செய்திக் காட்சிகளில் இருக்கிறது. மேடலின் கட்டடக்கலை பயில்கிறாள். சாலையோர உணவகம் ஒன்றுக்கும் நூலகம் ஒன்றுக்கும் மாதிரிகள் செய்கிறாள். ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு விண்வெளி வீரர் பொம்மையை வைக்கிறாள். இருவரும் கைபேசியில் பேசும்போது, திரையில் வெறும் எழுத்துகள் ஓடுவதற்குப் பதிலாக, அந்த மாதிரிக் கட்டடங்கள் முழு அளவில் விரிகின்றன. உணவக மேசையில் அவளும் அவனும் எதிரெதிரே அமர்ந்து பேசுகிறார்கள். தலைக்கவசத்தைக் கழற்ற முடியாத விண்வெளி வீரர் அருகில் இருக்கிறார்; உணவு நிறைந்த இடத்தில் அவரால் ஒரு கவளம்கூட உண்ண முடியாது. மேடலின் நிலைமையை வசனமில்லாமல் சொல்லும் படிமம் அது. பின்னர் இருவரும் நேரில் சந்திக்கும்போது, அறையின் எதிரெதிர் மூலைகளில் நின்று தடுமாறிப் பேசுகிறார்கள். வாய் சொல்லாத எண்ணங்கள் திரையின் அடியில் எழுத்தாக வருகின்றன. கற்பனையில் சரளமாக இருந்த பேச்சு நேரில் திக்குவதை மெகி நுட்பமாகப் பிடித்திருக்கிறார்.

அந்த இரண்டு கட்டடங்களையும் நான் வேறொரு காரணத்துக்காகவும் நினைத்துப் பார்க்கிறேன். 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வுல்வர்த் கடையின் உணவு மேடையில், வெள்ளையருக்கு மட்டும் என்று வைத்திருந்த இருக்கைகளில் அமர்ந்தார்கள். அவர்களுக்குப் பரிமாற மறுத்தார்கள். அவர்கள் எழுந்து போகவில்லை. 1961 மார்ச் 27 அன்று மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் டூகலூ கல்லூரியைச் சேர்ந்த ஒன்பது மாணவர்கள் வெள்ளையருக்கான பொது நூலகத்தில் உட்கார்ந்து புத்தகம் வாசித்ததற்காகக் கைது செய்யப்பட்டார்கள். உணவகம், நூலகம்: கறுப்பின இளைஞர்கள் உட்காரும் உரிமைக்காகவே போராடிய இரண்டு இடங்கள். மேடலின் தன் அறையில் கட்டும் இரண்டும் அவையே. படக்குழு இதை எண்ணிச் செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. நாவலாசிரியரின் தேர்வு மேசையும் புத்தகமும் தரும் இயல்பான நெருக்கத்தால் அமைந்திருக்கலாம். ஆனால் ஒரு கறுப்பினப் பெண்ணையும் ஒரு வெள்ளை இளைஞனையும் அமெரிக்க உணவகத்தின் ஒரே மேசையில் உட்கார வைக்கும்போது, அந்த மேசைக்கு வரலாறு இருக்கிறது. அங்கே மறுக்க ஓர் ஊழியர் இல்லை, முறைக்க ஒரு வாடிக்கையாளர் இல்லை, விண்வெளி வீரர் மட்டுமே இருக்கிறார். அந்த உணவகம் ஆளற்றது என்பதால்தான் அந்தக் காதல் அங்கே நிம்மதியாக இருக்கிறது.

ஹவாயும் அப்படித்தான். இனக்கலப்பு மணத்துக்கு எதிரான சட்டம் ஒருபோதும் இருந்திராத மண் அது. கிரேமரின் படத்திலும் ஜானும் ஜோயியும் சந்தித்துக் காதல்கொண்டது ஹவாயில்தான். சிக்கல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் திரும்பியபின் தொடங்குகிறது. பியூ அறிக்கையிலும் புதுமணத் தம்பதியரில் இனம் கடந்து மணந்தவர்கள் மிகுந்த பெருநகரம் ஹொனலூலுவே. அங்கே அளவு 42 விழுக்காடு. அமெரிக்கக் கற்பனையில் இந்தக் காதலுக்கு என ஒதுக்கப்பட்ட தீவு என்றே அதைச் சொல்லலாம்.

நற்றாயும் செவிலியும்

இங்கே நம் அகத்திணை மரபின் சொற்கள் எனக்கு உதவுகின்றன. களவு எனப்படும் மறைவான காதல் வெளிப்படத் தொடங்கியதும் தாய் மகளை வீட்டுக்குள் அடைப்பதை இற்செறிப்பு என்றார்கள். காதலனோடு அவள் வெளியேறுவதை உடன்போக்கு என்றார்கள். இடையில் உதவுபவள் தோழி. தோழி செவிலித்தாயின் மகள். இந்தப் படத்தில் அந்த உறவுகள் வியப்பூட்டும் அளவுக்கு அப்படியே இருக்கின்றன. வளர்த்த செவிலி கார்லா, அவள் மகளும் மேடலினின் ஒரே தோழியுமான ரோசா, அடைத்து வைக்கும் நற்றாய் பாலின், உடன்போக்காக ஹவாய். அமெரிக்கக் கதைக்கும் சங்கப் பாடலுக்கும் உறவு உண்டு என்பதல்ல என் கருத்து. வேறுபாடு எங்கே என்பதைக் காட்ட இந்த ஒப்பீடு பயன்படுகிறது. அகப்பாடல்களில் இற்செறிப்புக்குக் காரணம் அலர். ஊர் பேசுகிறது, தெருவில் பெண்கள் கிசுகிசுக்கிறார்கள், அதைக் கேட்டுத் தாய் கதவை அடைக்கிறாள். தாயின் கொடுமைக்குப் பின்னால் ஊர் இருக்கிறது. அதனால் பழி தாய்மேல் மட்டும் விழுவதில்லை. மகள் போனபின் பாலையை நினைத்து நற்றாய் அழவும் அந்த மரபில் இடம் உண்டு. 'எவ்ரிதிங், எவ்ரிதிங்' படத்தில் அலர் தூற்ற ஊரே இல்லை. அடைப்பின் காரணம் முழுவதும் ஒரு தாயின் நெஞ்சுக்குள் வைக்கப்பட்டுவிட்டது.

சமூகம் விதித்து வந்த தடையைக் கதையிலிருந்து நீக்கினாலும் காதல் கதைக்குத் தடை ஒன்று வேண்டும். அந்த இடத்தில் முதலில் நோய் வந்து நிற்கிறது. நோய் பொய் என்றானதும் தாய் வந்து நிற்கிறாள். ஆக, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மாநிலச் சட்டமும் வெள்ளைத் தகப்பனும் ஊரும் சேர்ந்து சுமந்த பழியை, இப்போது ஒரு கறுப்பினத் தாய் தனியாகச் சுமக்கிறாள். இதை யாரும் திட்டமிட்டிருக்கமாட்டார்கள். ஆனால் கதையின் கட்டுமானம் அந்த இடத்துக்குத்தான் கொண்டுவந்து சேர்க்கிறது.

பாலினின் அச்சத்துக்குப் படம் தரும் காரணம் ஒரு சாலை விபத்து மட்டுமே. விபத்து யாருக்கும் நேரலாம். அந்தப் பாத்திரத்தில் எந்த இனத்துத் தாயையும் வைக்கலாம். ஆனால் திரையில் நாம் பார்ப்பது 2017இன் ஒரு கறுப்பினத் தாயை. 2012இல் ஃபுளோரிடாவில் 17 வயது ட்ரேவான் மார்ட்டின் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டான். 2014இல் கிளீவ்லாந்தில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயது டமீர் ரைஸ் காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டான். பிள்ளையை வெளியே அனுப்பினால் உயிரோடு திரும்புவானா என்ற கேள்வி அந்நாட்டுக் கறுப்பினத் தாய்மார்களுக்கு மனநோயின் அறிகுறி இல்லை, அன்றாட நினைவு. வெளியே இருக்கும் காற்றே என் மகளைக் கொன்றுவிடும் என்று ஒரு கறுப்பினத் தாய் சொல்லும்போது, அந்த வாக்கியத்துக்குள் எத்தனையோ ஒலிக்க முடியும். படம் அவற்றில் ஒன்றையும் ஒலிக்க விடவில்லை. ஸ்டென்பெர்க்கே அடுத்த ஆண்டு நடித்த 'தி ஹேட் யூ கிவ்', காவலர்கள் வழிமறித்தால் கைகளை எங்கே வைக்க வேண்டும் என்று ஒரு தகப்பன் சின்னக் குழந்தைகளுக்குக் கற்றுத்தருவதில்தான் தொடங்குகிறது. அந்த அச்சத்தைப் பதின்பருவப் படத்துக்குள் கொண்டுவர முடியும் என்பதற்கு அதுவே சான்று.

பாலின் செய்தது சரி என்று நான் வாதிடவில்லை. 18 ஆண்டுகள் ஒரு மனிதப் பிறவியின் உலகத்தைத் திருடியது மன்னிக்கக் கடினமான குற்றம். காரணம் புரிந்தால் குற்றம் சிறிதாகாது. ஆனால் குற்றவாளி மனிதராவார். அனிக்கா நோனி ரோஸ் தன் நடிப்பால் அந்த மனிதத்தை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறார். மகளோடு சொல்விளையாட்டு ஆடும் மாலைகளில் அவர் முகத்தில் தெரியும் நிறைவு போலியானதல்ல. திரைக்கதை அதற்குமேல் அவருக்கு எதையும் தரவில்லை. வெள்ளையரான ஆலியின் தகப்பனும் கொடியவன்தானே, பழி பகிரப்பட்டிருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். அவன் கொடுமை கதையின் தொடக்கத்திலிருந்தே தெரிந்த சங்கதி. ஆலியின் தாய் பிள்ளைகளோடு வெளியேறியதும் அது முடிந்துவிடுகிறது. பாலினின் செயலோ கதை இறுதிவரை மறைத்து வைத்து அவிழ்க்கும் முடிச்சு. பார்வையாளரின் அதிர்ச்சி முழுவதும் அவள்மேல் விழும்படிதான் அது கட்டப்பட்டிருக்கிறது. கார்லாவின் கதையும் இதே வகை. இருவர் ஒரே அறையில் நிற்க அனுமதித்ததற்காக, பல ஆண்டுகள் உழைத்த லத்தீன் அமெரிக்கச் செவிலி வேலை இழக்கிறாள். அவள் இழப்பின்மேல் படம் அதிக நேரம் நிற்பதில்லை.

நோயின் பெயர்

மௌனத்தின் விலையைக் கொடுத்தவர்களில் உண்மையான நோயாளிகளும் உண்டு. படம் குறிப்பிடும் நோய் கற்பனையானதல்ல. கடுமையான கூட்டு நோயெதிர்ப்புக் குறைபாடு. அமெரிக்காவில் ஏறத்தாழ 58,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுகிறது. சிகிச்சையின்றி விட்டால் குழந்தை முதல் ஓரிரு ஆண்டுகளுக்குமேல் வாழ்வது அரிது. 1971இல் டெக்சஸில் பிறந்த டேவிட் வெட்டர் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வளர்க்கப்பட்டு, சகோதரியின் எலும்பு மஜ்ஜையைப் பெற்ற சில மாதங்களில், அதனோடு வந்த வைரஸ் தொற்றால் 1984இல் 12 வயதில் இறந்தான். குமிழிக்குள் வாழும் பிள்ளை என்ற படிமம் அவனிடமிருந்து வந்தது. மருத்துவம் அந்த இடத்திலேயே நிற்கவில்லை. எலும்பு மஜ்ஜை மாற்று 1968இலேயே முதன்முதலாக வெற்றி கண்டது. பிறந்து மூன்றரை மாதத்துக்குள் செய்தால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்குமேல் பிழைக்கின்றன. பிறந்த குழந்தைகளுக்கு இந்த நோய்க்கான பரிசோதனை 2008இல் விஸ்கான்சினில் தொடங்கி, 2018 முடிவதற்குள் 50 மாநிலங்களுக்கும் பரவியது.

தேவதைக் கதையில் மருத்துவ நுணுக்கம் பார்க்கலாமா என்பது இங்கே எழும் மறுப்பு. கோபுரத்தில் அடைபட்ட இளவரசிக்கு நோய்ப்பெயர் தேவையில்லை. இந்தப் படம் பெயர் சொல்கிறது, மருத்துவரின் அதிகாரத்தைக் கதையின் அச்சாக வைக்கிறது. சொன்ன பெயருக்கு ஒரு பொறுப்பு உண்டு. நீண்டகால நோயோடும் உடற்குறையோடும் வாழ்பவர்கள் நாவலையும் படத்தையும் கண்டித்ததன் காரணம் இதைவிட ஆழமானது. காதல் நிறைவேற வேண்டுமென்றால் நாயகி நோயற்றவளாக இருந்தாக வேண்டும் என்று கதை முடிவு செய்துவிடுகிறது. உண்மையில் நோயுள்ள ஒரு பெண்ணுக்கு ஆலி கிடைப்பானா என்ற கேள்வியை அது தொடவே இல்லை. இனத்தடையை அகற்றிய இடத்தில் நோயை வைத்து, பிறகு நோயையும் மாயமாக்கிவிட்டதால், இரண்டு தடைகளுமே நேரில் எதிர்கொள்ளப்படாமல் போயின.

தாய்க்கும் ஒரு கதை

படம் இனத்தைப் பேசவில்லை என்பதே குறை என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. மேடலின் வாயில் இனம் பற்றிய வசனம் ஒன்றை வைத்திருந்தால் படம் மேம்பட்டிருக்காது. அவளுக்குக் கிடைத்த அரிய இலேசுத்தன்மை போயிருக்கும். குறை தாயின் பக்கம் இருக்கிறது. பாலினுக்கு ஒரு பத்து நிமிடம், அவள் அச்சம் எந்த மண்ணில் வேர்விட்டது என்று காட்டும் ஒரு காட்சி, மகள் போனபின் காலியான வெள்ளை அறையில் அவள் நிற்பதை நின்று பார்க்கும் பொறுமை, இவை போதுமாயிருந்தன. பச்சைக் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு, இவளை எப்படிக் காப்பேன் என்று கலங்கிய ஒரு தாயின் மனத்திலிருந்து பிறந்த கதை இது. அந்தக் கலக்கம்தான் படத்தில் கேட்கவில்லை.

ஸ்டெல்லா மெகி 2020இல் தானே எழுதி இயக்கிய 'தி ஃபோட்டோகிராஃப்' படத்தில், மறைந்துபோன ஒரு கறுப்பினத் தாய், வங்கிப் பெட்டகத்தில் விட்டுச்சென்ற கடிதத்தின் வழியே மகளிடம் பேசுகிறாள். தான் ஏன் அப்படி வாழ்ந்தேன், ஏன் விலகி நின்றேன் என்று தன் குரலில் சொல்கிறாள். அவள் இளமையும் காதலும் திரையில் விரிகின்றன. 'எவ்ரிதிங், எவ்ரிதிங்' படத்தைப் பார்த்தவர்கள் அதையும் தேடிப் பார்க்க வேண்டும், முடிந்தால் இரண்டையும் அடுத்தடுத்து.